தோள் வலிக்காத பை, மழைக்குத் தாங்கும் பை

காலை ஒன்பது மணிக்குக் காளிகாட் மெட்ரோ நிலையத்தின் படிகளில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். இறங்கி ஓடும் கூட்டத்தில் பாதிப் பேர் முதுகில் பை தொங்குகிறது. லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகத்துக்குப் போகும் தமிழ்க் குமாஸ்தாவும் அவர்களில் ஒருவர். அவருடைய பைக்குள் ஒரு நாள் வாழ்க்கையே இருக்கிறது. டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, மூக்குக் கண்ணாடி, வங்கிப் புத்தகம், வீடு திரும்பும்போது வாங்கிப் போகும் கறிவேப்பிலை, தேங்காய். மார்கழியிலும் தையிலும் காலையில் போட்டு மதியம் கழற்றும் ஸ்வெட்டரும் அதில்தான்.

இவ்வளவையும் ஆண்டு முழுவதும் சுமக்கும் பையைப் பலரும் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். நிறம் பிடித்திருக்கிறது, விலை குறைவு, அவ்வளவுதான் கணக்கு. ஆறு மாதத்தில் தோள்பட்டி அறுந்து, அலுவலகக் காகிதங்கள் நனைந்து, கழுத்து வலி தொடங்கிய பிறகுதான் பையைப் பற்றிய யோசனை வருகிறது.

நகரம் கண்ட பைகள்

கல்கத்தா பைகளுக்குப் புதிய ஊர் அல்ல. நல்ல பை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேண்டிய பாடமெல்லாம் இந்த ஊரிலேயே கிடைக்கிறது.

முதலாவது ஜோலா. நம் ஊரில் எழுத்தாளரும் கவிஞரும் மாட்டிக்கொண்டு திரிந்த ஜோல்னாப் பையின் உடன்பிறப்பு. தாகூர் 1922-ல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் வளர்ந்த கைத்தொழில்களால் துணிப் பைக்கும், பாத்திக் வேலை செய்த தோல் பைக்கும் பெயர் கிடைத்தது. சாந்திநிகேதன் தோல் பொருள்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. ஜோலா கனமில்லாதது, அழகானது. ஆனால் முழுப் பாரமும் ஒரே தோளில் இறங்குகிறது. விழாமல் இருக்க உடம்பு மறு பக்கம் சாய்கிறது. அந்தத் தோளின் தசை நாள் முழுவதும் இறுகியே கிடக்கிறது. இரண்டு புத்தகத்துக்கு ஜோலா போதும். டிபன் டப்பாவும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் அது ஏற்றதல்ல.

இரண்டாவது சணல் பை. இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் ஹூக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ராவில் தொடங்கப்பட்டது. சணல் காய்ந்திருக்கும் வரையில் உறுதியானது. நனைந்தால் அதன் வலு குறைகிறது. ஈரத்தோடு கிடந்தால் மட்கவும் செய்கிறது. காய்கறி வாங்கச் சணல் பையோ, 2021 டிசம்பரில் தமிழக அரசு மீண்டும் கொண்டுவர இயக்கம் தொடங்கிய மஞ்சப்பையோ மிக நல்லது. மழையில் கோப்பு சுமக்க அவை உதவா.

மூன்றாவது தோல். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்கத்தாவில் டாங்ராவின் சீனர்கள் நடத்திய தோல் பதனிடும் கூடங்கள் புகழ் பெற்றவை. அங்கும் சுற்றுப் பகுதிகளிலும் இருந்த கூடங்களை இடம் மாற்றும்படி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின் பந்தலாவில் தோல் வளாகம் எழுந்தது. நல்ல தோல் பை பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஆனால் காலியாக இருக்கும்போதே கனக்கும். கல்கத்தாவின் ஈரக் காற்றில் நாலு நாள் மூடி வைத்தால் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும்.

நான்காவது டக்பேக். சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் பெயர் அது. வாத்தின் முதுகில் தண்ணீர் நிற்காமல் வழிவதுபோல, ரப்பர் பூசிய துணியிலும் நிற்காது என்பது பெயரின் பொருள். மழைக்கோட்டோடு பள்ளிப் பைகளும் செய்தார்கள். ஒரு தலைமுறை வங்காளிப் பிள்ளைகள் அந்தப் பையோடுதான் மழையில் பள்ளிக்குப் போனார்கள். இந்த ஊரில் பையின் முதல் எதிரி மழை என்பதை 1920-லேயே புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

ஜோலாவின் இலேசு, காய்ந்த சணலின் உறுதி, தோலின் ஆயுள், டக்பேக்கின் மழைத் தடுப்பு. இந்த நான்கும் கூடியவரை சேர்ந்த பையே தினசரிப் புழக்கத்துக்கு ஏற்றது.

தோள்பட்டி சேரும் இடம்

பையை வாங்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம், தோள்பட்டி பையோடு சேரும் மூலை. பாரம் முழுவதும் தொங்குவது அங்கேதான். பெரும்பாலான பைகள் முதலில் கிழிவதும் அங்கேதான். அந்த இடத்தில் ஒற்றை வரித் தையல் மட்டும் ஓடியிருந்தால் பையைக் கீழே வைத்துவிடலாம். சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தால் நம்பலாம்.

அடுத்தபடியாகப் பையைத் திறந்து உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துணியின் ஓரங்கள் பிசிறு தெரியாமல் நாடா வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். மூடாத ஓரம் நாளுக்கு நாள் பிரிந்து, ஒரு நாள் தையலோடு வாயைத் திறக்கும்.

துணியின் கனத்தை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600 டெனியர் பாலியெஸ்டர் பைகளில் பரவலாகக் காணப்படுவது. எண் கூடினால் நூல் தடிக்கும். பையின் கனமும் கூடும். ஆனால் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தையல் மட்டமானால் பயனில்லை.

ஜிப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. மூடிய பல்வரிசையின் அகலம் சுமார் எத்தனை மில்லிமீட்டரோ, அதுவே ஏறக்குறைய ஜிப்பின் எண். பெரிய அறைக்கு 8 அல்லது 10-ஆம் எண் ஜிப் நீடித்து உழைக்கும். கடையிலேயே பத்து முறை இழுத்து மூடிப் பார்க்கலாம். வளைவில் திக்கினால் வீட்டிலும் திக்கும்.

உடம்புக்கு ஏற்ற அளவு

தோள்பட்டி மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். குறுகிய பட்டி கயிறுபோலத் தோளை அறுக்கும். பட்டிக்குள் இருக்கும் பஞ்சைக் கட்டை விரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். எழாமல் பள்ளமாகவே நின்றால் மூன்று மாதத்தில் அது வெறும் துணிதான்.

பையின் அடி இடுப்புக்குக் கீழே நாலு அங்குலத்துக்கு மேல் தொங்கலாகாது. இளைஞர்கள் பலர் பட்டியைத் தளர்த்தி, பையைப் பின்னால் ஊஞ்சல் ஆடவிடுகிறார்கள். அப்போது பாரம் உடம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. ஈடுகட்டக் கழுத்து முன்னால் நீளுகிறது. மாலையில் வரும் கழுத்து வலிக்கு இது ஒரு காரணம். கனமான பொருளை முதுகை ஒட்டியும், இலேசானதை வெளிப்பக்கமும் வைப்பதே சரியான முறை.

பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. பெரியவர்களும் அதை மனத்தில் வைக்கலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் ஆறு கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. டப்பா, குடை, கோப்பு சேர்ந்தால் நாலைந்து கிலோ எளிதில் ஆகிவிடும். ஆகவே காலிப் பையின் எடை ஒரு கிலோவுக்குள் இருப்பது நல்லது. கொள்ளளவு 20 முதல் 25 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் நிரப்பத் தோன்றும். நிரம்பியதைச் சுமப்பது தோள்.

நியூ மார்க்கெட்டிலோ கரியாஹாட் நடைபாதையிலோ வாங்கும்போது, “தாதா, பாருங்கள், நல்ல சரக்கு” என்று கடைக்காரர் சொல்வார். காலிப் பையை மாட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. உள்ளே நாலைந்து கிலோ பாரம் வைத்துக் கொடுக்கச் சொல்லி, கடைக்குள்ளேயே பத்து அடி நடந்து பார்க்க வேண்டும். தோள் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆடி மழையும் அலுவலகக் காகிதமும்

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை. இங்கே ஆனியிலிருந்து புரட்டாசி வரையில் மழைதான். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. 2025 செப்டம்பர் 23 அன்று விடிவதற்குள் சுமார் 250 மில்லிமீட்டர் கொட்டி, தெருக்கள் ஆறாயின, உயிர்களும் போயின. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் நீரில் நடப்பவருக்குப் பையில் உள்ள சான்றிதழ்தான் பெரிய கவலை.

நீரைத் தடுக்கும் துணி என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், ஊசி போன ஓட்டைகள் வழியாகவும் ஜிப்பின் பல் வழியாகவும் தண்ணீர் இறங்கும். துணியின் உட்புறப் பூச்சும் சில ஆண்டுகளில் ஈர வெப்பத்தால் பிசுபிசுத்து உரியும். ஆகவே தனி மழை உறை உள்ள பையாகப் பார்ப்பது நல்லது. அதற்கு மேலும் காகிதங்களை ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பைக்குள் வைக்க வேண்டும். இது பத்து ரூபாய்ச் செலவு. ஒரு மூலச் சான்றிதழுக்கு மறுபிரதி வாங்க ஊருக்கும் இங்கும் அலையும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ரயில் நெரிசலில் பையை மார்புப் பக்கம் மாற்றிக்கொள்வது பிறருக்கும் மரியாதை, பணப்பைக்கும் காவல். வெளி அறையில் பணம், செல்போன் வைக்கவே கூடாது.

மலிவின் கணக்கு

முந்நூறு ரூபாய்ப் பை ஆறு மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் நாலு பை, ஆயிரத்து இருநூறு ரூபாய். அதே பணத்தில் ஒரு நல்ல பை வாங்கி நாலு ஆண்டு வைத்திருந்தால் செலவு பாதி. விலை உயர்ந்ததெல்லாம் நல்லதென்று பொருள் அல்ல. பெயருக்காகக் கொடுக்கும் பணமும் அதில் உண்டு. மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், பெயர் தெரியாத பையையும் தாராளமாக வாங்கலாம்.

வாங்கிய பையைக் காப்பதும் கடமை. ஞாயிற்றுக்கிழமை காலி செய்து உதறி, இலேசான சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நனைந்த பையை இரவில் மூடி வைக்கக் கூடாது. ஜிப் திக்கினால் மெழுகுவர்த்தியைப் பல்லின் மேல் தேய்த்தால் போதும். ரன்னர் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பட்டியின் தையலில் ஒரு நூல் பிரிந்தாலே தெரு முனைச் செருப்புத் தொழிலாளியிடம் கொடுத்துத் தைத்துவிட வேண்டும். அறுந்த பிறகு தைப்பது இரட்டைச் செலவு.

ஆண்டுக்கொரு முறை ஹவுராவில் ரயில் ஏறி, சுமார் 1,660 கிலோமீட்டர் கடந்து சென்னையில் இறங்கும்போதும் அதே பைதான் கூட வருகிறது. இரவில் அது தலையணை. பகலில் சாப்பாட்டு மேஜை. வீட்டு வாசலில் பிள்ளைகள் முதலில் திறந்து பார்ப்பதும் அதைத்தான். இத்தனைக்கும் உழைக்கும் பொருளை வாங்க, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் தவறில்லை.