வரி யார் கட்டுவது?

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வருகிற காலத்தில் நம் ஊர்களில் மூன்று விதமான பேச்சைக் கேட்கலாம். சம்பளக்காரர், "எங்கட சம்பளத்தில வெட்டித்தான் நாடு ஓடுது" என்பார். கடைக்காரர், "வியாபாரிய நசுக்குறாங்க சேர்" என்பார். கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "நமக்கென்ன, நாம வரி கட்டுறல்லயே" என்று சிரிப்பார். மூன்றிலும் பிழையாக உள்ளது கடைசிப் பேச்சுத்தான். நான் பொருளியல் படித்தவனல்லன், தமிழ் படிப்பிக்கிறவன். ஆனாலும் இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

வரி இரண்டு வகை. வருமானத்தைப் பார்த்து அறவிடுவது நேர் வரி. பொருளின் விலைக்குள் ஒளிந்து வருவது நேரில் வரி. இலங்கையில் நெடுங்காலமாக வரி வருமானத்தில் நூற்றுக்கு எண்பது அளவில் நேரில் வரியாகவே வந்தது. நெருக்கடிக்குப் பின்னர் அது எழுபது பக்கமாக இறங்கியிருக்கிறது. அப்படியென்றாலும் பெரும்பங்கு இன்னமும் சவர்க்காரம், பற்பசை, எரிவாயு, பெற்றோல், தொலைபேசி ரீலோட் ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது.

பெறுமதி சேர் வரி, அதாவது நாம் 'வாட்' என்று சொல்வது, 2024 ஜனவரி முதல் 18 வீதம். 118 ரூபா கொடுத்து வாங்கும் பொருளில் 18 ரூபா வரி. அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு இது இல்லை. சரி, ஒரு வீட்டின் மாத வருமானம் 60,000 ரூபா என்று வைப்போம். அதில் 30,000 ரூபா வாட் சேர்ந்த பொருட்களுக்குப் போனால், அரசாங்கத்துக்கு அந்த வீடு கொடுப்பது ஏறத்தாழ 4,576 ரூபா. வருமானத்தில் இது ஏழரை வீதத்துக்கும் சற்று அதிகம். மாதம் 6 இலட்சம் உழைக்கும் வீடு அதே வகைப் பொருட்களுக்கு 1,20,000 ரூபா செலவழித்தால், கொடுக்கும் வாட் 18,305 ரூபா. வருமானத்தில் மூன்று வீதம். தொகை பெரிது, பாரம் சிறிது.

பணக்காரர் வருமான வரியும் கட்டுகிறாரே என்று கேட்கலாம். கட்டுகிறவர் கட்டுகிறார். 2025 ஏப்ரலில் வந்த அட்டவணைப்படி மாதம் 6 இலட்சம் சம்பளம் எடுப்பவரிடமிருந்து 1,22,000 ரூபா கழிக்கப்படும். சம்பளத் தாளிலேயே வெட்டுப்படும்; மறைக்க வழியில்லை. அதே 6 இலட்சத்தை, கோப்புத் திறக்காத வியாபாரத்திலோ, வாடகையிலோ, காணி தரகிலோ உழைப்பவர் கொடுப்பது மேலே சொன்ன மூன்று வீதம் மட்டும்தான். நம் நாட்டு வரி விவாதத்தின் குடுமி இந்த இடத்தில்தான் இருக்கிறது. சத்தமோ வேறு இடங்களில் கேட்கிறது.

சத்தம் எப்படி எழுந்தது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் வாட் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வாட்டுக்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடிக்கு உயர்ந்தது. சம்பளத்தில் கழிக்கும் வரி 2020 ஜனவரியோடு நின்றது. அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு சாமானாவது அந்த ஏழு வீதம் இறங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேலிருந்த வரி வருமானம் 2022இல் 7 வீதமளவுக்கு விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. கொரோனா, உரத் தடை, டொலர் தட்டுப்பாடு என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. எனினும் வரிக் குறைப்பை அந்தப் பட்டியலின் அடியில் வைக்க முடியாது.

சீனியின் கதை இன்னும் தெளிவானது. 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. திறைசேரி இழந்தது 1,500 கோடி ரூபாவுக்கு மேல். தேநீர்க் கடையில் பிளேன்டீ விலை இறங்கவில்லை. வரியைக் குறைத்தால் ஏழைக்கு நன்மை என்பது எப்போதும் உண்மையல்ல; இடையில் நிற்பவரின் பையிலும் அது தங்கிவிடலாம்.

பிறகு தலைகீழாகத் திரும்பியது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேலான வருமானத்துக்கு 6 முதல் 36 வீதம் வரை வரி வந்தது. வைத்தியர், பல்கலைக்கழக விரிவுரையாளர், வங்கி ஊழியர் என்று பலரும் வீதிக்கு வந்தார்கள். மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்தை அங்கீகரித்தது. 2025 ஏப்ரலில் விலக்கு எல்லை ஒன்றரை இலட்சமானது. மாதம் 2 இலட்சம் எடுப்பவர் முன்பு 10,500 ரூபா கட்டினார். இப்போது 3,000 ரூபா. குழுவாகச் சேர்ந்து கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியது. 18 வீத வாட் அப்படியே நிற்கிறது. சவர்க்காரம் வாங்குபவர்களுக்குத் தொழிற்சங்கம் ஏது?

நம் பாரம்பரியத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. மங்கோலியரை எதிர்கொள்ள, 1260இல் ஐன் ஜாலூத் போருக்கு முன்னர், மக்களிடம் வரி எடுக்க எகிப்தின் சுல்தான் குதுஸ் மார்க்கத் தீர்ப்புக் கேட்டார். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் மறுக்கவில்லை, நிபந்தனை வைத்தார். முதலில் பைத்துல் மால் வெறுமையாகட்டும். அமீர்களின் தங்கக் கச்சைகளும் விலையுயர்ந்த பொருட்களும் விற்கப்படட்டும். குதிரையும் ஆயுதமும் மட்டும் மிஞ்சி, அவர்களும் பொதுமக்களும் சமமான பிறகு மக்களிடம் கேளுங்கள் என்றார். எவ்வளவு எடுப்பது என்பதை விட, யாரிடமிருந்து தொடங்குவது என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. (பாண்டியனுக்குப் பிசிராந்தையார் சொன்ன யானை உவமை நம் மாணவர்களுக்குத் தெரியும். 2019இல் இந்திய நிதியமைச்சர்கூட அதை வரவு செலவு உரையில் எடுத்துச் சொன்னார். வரி அறவிடுபவர்களுக்கும் அந்தப் பாட்டில் அப்படியொரு பிரியம்.)

சகாத் கொடுக்கிறோமே, அரசுக்கு வேறு ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். சகாத் போய்ச் சேர வேண்டியவர்கள் எட்டுக் கூட்டத்தார். ஆஸ்பத்திரி மருந்தும் பாடசாலைக் கூரையும் எனது சம்பளமும் வேறு கணக்கு. பொக்கிஷம் வெறுமையாகி உண்மையான தேவையும் வந்தால் வசதி படைத்தோர் மீது மேலதிகமாக விதிக்கலாம் என்று கஸ்ஸாலியும் ஷாதிபியும் எழுதியிருக்கிறார்கள். மக்கள் மனம் ஒப்பாமல் இருப்பதற்கு வேறு நியாயமான காரணமுண்டு. 2023இல் அரசு வருமானத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. கொடுத்தது எங்கே போகிறது என்று கண்ணால் காணாதவன் எரிச்சல்படுவான்தான்.

இனி வியாபாரிகள் விடயம். நம் சமூகத்தில் கடை வைத்திருப்போர் அதிகம். ஆகவே இதைப் பேசாமல் தாண்டுவது நேர்மையாகாது. "பில்லோடயா, பில் இல்லாமயா?" என்ற கேள்வியை எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் வாட் பதிவு எல்லையை வருடம் 6 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்கும் முன்மொழிவு வந்ததும், "இனி எல்லாச் சாமானும் 18 வீதம் ஏறும்" என்று பலர் சொன்னார்கள். நாளொன்றுக்கு ஒரு இலட்சமளவில் விற்கும் கடை அந்த எல்லைக்குள் வரும். இது விற்பனைக் கணக்கு, இலாபமல்ல. அதனால் பயம் வருவது இயல்பு.

ஆனால் 18 வீதம் ஏறுமா? மொத்தக் கடையில் 100 ரூபாச் சாமானை வாங்கும்போதே 18 ரூபா வாட் கொடுத்துவிடுகிறோம். பதியாத கடைக்காரர் 118ஐ முதலாக வைத்து, 10 ரூபா இலாபத்தோடு 128க்கு விற்கிறார். பதிந்தவர் 110க்கு மேல் 19.80 வாட் போட்டு 129.80க்கு விற்கிறார், முன்பு கொடுத்த 18ஐக் கழித்துக்கொண்டு அரசுக்குச் செலுத்துவது 1.80. வாடிக்கையாளருக்கு வித்தியாசம் அவ்வளவுதான். உண்மையான கஷ்டம் ரூபாவில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. வாங்கிய பில், விற்ற பில், காலாண்டு அறிக்கை எல்லாவற்றையும் சரியாக வைக்க வேண்டும். மொத்தக் கடையில் பில் வாங்காமல் வந்தவருக்கு அந்த 18ஐக் கழிக்க ஆதாரமில்லை. அவர்தான் முழு 19.80ஐயும் தன் கையால் கட்டுவார்.