ஐயம் கேட்கும் சந்தை

நெய்க்காரப்பட்டி வெல்லச் சந்தையில் சற்று நேரம் நின்றவர்க்கு ஒன்று விளங்கும். அங்கே வெல்லம் மட்டுமா கைமாறுகிறது? பாகை எப்பதத்தில் இறக்கினால் நிறம் கெடாது என்பன போன்ற தொழில் நுணுக்கங்களும் பேச்சோடு பேச்சாய்க் கைமாறுகின்றன.

இன்று இத்தகைய ஊர்களில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதும் பிள்ளைகள் உளர். நள்ளிரவில் நிரல் ஓட மறுத்தால், கேட்பதற்கு அருகில் மூத்தவர் எவருமில்லை. "எந்நேரமும் கைப்பேசிதானா?" என்று பெற்றோராகிய நாம் கடிந்துகொள்கிறோம். அத்திரைக்குள்ளும் ஒரு தொழிற்சந்தை கூடுவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினிச் செய்திக்குழு ஒன்றில், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகக் கூறிப் பிறர் கருத்தைக் கேட்டார். முகமறியாதோர் பிழை சுட்டினர், திருத்தமும் அனுப்பினர். அவ்வாறு வளர்ந்த லினக்ஸே இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளம்.

நம் தமிழும் இத்தகைய உரையாடலால் பயன் பெற்றதே. 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை வழங்கியதால், ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலானோர், கடல்கள் இடைநிற்க, மின்னஞ்சல் வழியே விவாதித்தனர். 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீடு அங்ஙனம் உருவாயிற்று. பின்னர் யூனிகோடு அதன் இடத்தைப் பெற்றதெனினும், அந்த உழைப்பு வீண்போகவில்லை.

2008இல் தோன்றிய 'ஸ்டேக் ஓவர்ஃப்ளோ' தளத்தில் ஒருவர் கேட்ட ஐயமும் அதற்குரிய விடையும் அழியாமல் நிற்கின்றன. அடுத்து இடறுபவர்க்கு அவையே கைவிளக்கு. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் விடை விரைந்து வரும். ஆனால் மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும்!

கேட்பதற்கும் முறை உண்டு. "ஓடவில்லை, உதவுக" என்றால் எவரும் திரும்பிப் பாரார். என் செய்ய முயன்றோம், எந்த வரியில் தடுக்கிற்று, திரையில் தோன்றிய பிழைச்செய்தி யாது என்பவற்றை எழுதினால் அயல்நாட்டார்கூட அமர்ந்து விளக்குவர். "இதுகூடத் தெரியாதா?" என்று ஏளனம் செய்வோரும் அங்குண்டு. அதற்கஞ்சியே வாய்திறவாத பிள்ளைகள் பலர். தமிழ்வழியில் பயின்றோர்க்கு ஆங்கிலத்தில் கேட்கும் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

மற்றோர் ஆபத்து பெரிது. விடை பெறும் அவசரத்தில் நிறுவனத்தின் நிரலையோ கடவுச்சொல்லையோ அப்படியே ஒட்டிவிடுதல் வேலைக்கே உலை வைக்கும். அழித்தாலும், அதற்குள் எவர் படியெடுத்தாரோ, யாரறிவார்? கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட்டு, மேலதிகாரியிடம் தாமாகவே உரைப்பதே வழி.

இனி நள்ளிரவில் பிள்ளையின் அறையில் வெளிச்சம் கண்டால், கடிந்துகொள்ளுமுன், "விடை வந்ததா?" என்று கேட்டுப் பார்ப்போமே.