வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி – சிறார் கைவினைச் செயல்பாடு

ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வெட்டுதல், ஒட்டுதல், உருட்டுதல், வண்ணம் பூசுதல் போன்ற கைவேலைகளை அமைத்துப் பாடம் நடத்துவது கருப்பொருள் சார்ந்த கைவினைச் செயல்பாடு ஆகும். 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய பிரெடரிக் புரோபெல், காகித மடிப்பு, களிமண் வேலை ஆகியவற்றைப் பாடத்தின் பகுதியாகவே வைத்தார். 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு வண்ணத்துப்பூச்சி நல்ல கருப்பொருள். வீட்டுக் கொல்லையிலேயே அதைக் காட்ட முடியும்.

கைவேலைக்கு முன் செடியைக் காட்ட வேண்டும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளின் தளிர்களில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். முட்டை உருண்டையாக, வெளிர் மஞ்சள் நிறத்தில், கடுகளவே இருக்கும். இளம் புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும். அதனால் பறவைகள் அதைக் கவனிப்பதில்லை. வளர்ந்த புழு பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாக மறைந்துகொள்ளும். குழந்தைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது எழும் கூச்சலை அடக்க வேண்டியதில்லை.

பிறகு, வட்டமான காகிதத் தட்டை நான்காக மடித்து விரித்தால் நான்கு நிலைகளுக்கும் இடம் கிடைக்கும். கால் பாகம் என்பதும் அப்போதே புரியும்.

முட்டைக்கு அரிசியை ஒட்டச் செய்வது வழக்கம். ஆனால் இவற்றின் முட்டை உருண்டை என்பதால் ஜவ்வரிசியே பொருந்தும். (மூன்று வயதினரிடம் மணிகளைக் கொடுக்க வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். களிமண் உருண்டை போதும்.) புழுவுக்குப் பச்சை கிரேப் காகிதத்தைச் சிறு உருண்டைகளாக்கி வரிசையாக ஒட்டலாம். தலைக்கு அடுத்த மூன்று உருண்டைகளுக்கும் இவ்விரண்டு கால்கள் வரைய வேண்டும். பின்பகுதியில் உள்ளவை பொய்க்கால்கள். இந்த ஆறு மட்டுமே உண்மையான கால்கள். வளர்ந்த பூச்சிக்கும் ஆறு கால்கள்தான்.

கூட்டுப்புழுவில்தான் பிழை அதிகம். பலரும் பஞ்சை ஒட்டுகிறார்கள். நூலால் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு அதன் இறுகிய தோலே உறை. எனவே காகிதச் சுருளைத் தலை மேலாக நிறுத்தி, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றிக் குச்சியோடு கட்டினால் அழகிகளின் உண்மை நிலை கிடைக்கும்.

இறக்கைகளுக்குத் தாளை மடித்து, ஒரு பாதியில் வண்ணம் வைத்து அழுத்தி விரித்தால் இருபுறமும் ஒரே வடிவம் பதியும். இறக்கைகள் இரண்டு அல்ல, நான்கு என்பதைச் செடியருகே பார்த்தவர்கள் தாங்களே சொல்வார்கள்.

ஆசிரியர் வெட்டிக் கொடுத்து, குழந்தை ஒட்டுவது மட்டும் போதாது. வகுப்பிலுள்ள எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி இருந்தால், வேலையைச் செய்தவர் ஆசிரியர் என்றே கொள்ளலாம். முடிந்ததும் தட்டைக் கையில் கொடுத்துக் கதை சொல்லச் செய்ய வேண்டும். புழுவிலிருந்து நேரே பூச்சிக்குத் தாவும் குழந்தையை மறுபடி செடியிடம் அழைத்துச் செல்லலாம். யாராவது புழுவை எடுத்து வந்தால், அது இருந்த செடியின் புதிய தளிர்களையே தினமும் கொடுத்து, பூச்சி வெளிவந்ததும் தோட்டத்தில் விட்டுவிட வேண்டும்.