கம்பி எண்ணிய இடத்தில் காற்று வாங்கும் மக்கள்

பெங்களூர் பழைய மத்திய சிறை சொல்லும் கதை

தமிழ்நாட்டில் இருந்து ரயிலில் வந்து பெங்களூர் சிட்டி நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்ப்பது உண்டு. "கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா" என்று எழுதி இருக்கும். 2016-ல் இந்தப் பெயர் வந்தது.

யார் இந்த ராயண்ணா? கித்தூர் ராணி சென்னம்மாவின் படைத் தளபதி. வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்து போரிட்டவர். காட்டிக் கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 1831-ம் ஆண்டு நந்தகட் என்ற ஊரில் தூக்கில் போடப்பட்டார். கம்பெனியின் ஏடுகளில் அவர் ஒரு குற்றவாளி. இன்றோ லட்சக்கணக்கான பயணிகள் அவர் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

தெற்கே நம் திருநெல்வேலிச் சீமையிலும் இப்படி ஒரு நிலையம் உண்டு. மணியாச்சி ரயில் சந்திப்பில் 1911 ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார் வாஞ்சிநாதன். அன்று அது கொலை வழக்கு. 14 பேர் கூண்டில் ஏற்றப்பட்டனர். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு கடுங்காவல். இன்று அந்த நிலையத்துக்குப் பெயரே "வாஞ்சி மணியாச்சி".

குற்றம் என்பது எது, குற்றவாளி என்பவர் யார் என்று காலம் மாற்றி எழுதும் தீர்ப்புகள் இவை. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிட்டி நிலையத்தில் இருந்து வெகுதூரம் போக வேண்டியது இல்லை. மெஜஸ்டிக்கைத் தாண்டி ஆனந்தராவ் சர்க்கிள் வழியாகச் சேஷாத்திரி ரோட்டுக்குப் போனால் போதும். அங்கேதான் இருக்கிறது "பிரீடம் பார்க்" என்னும் சுதந்திரப் பூங்கா.

நடுவில் ஒரு கோபுரம்

இது பூங்காவாகப் பிறந்தது அல்ல. 1866-67ல் கட்டப்பட்ட மத்திய சிறைச்சாலை. மைசூர் ராஜ்யத்தை ஆங்கிலக் கமிஷனர்கள் நேரடியாக நிர்வாகம் செய்த காலம் அது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது நடுவே நிற்கும் காவல் கோபுரம். அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் கைதிகளின் கொட்டடிகள் கட்டப்பட்டு இருந்தன. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. கோபுரத்தில் நிற்கும் ஒரே காவலன் எல்லாக் கொட்டடிகளையும் பார்க்கலாம். ஆனால் அவன் இந்த நிமிடம் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கைதிக்குத் தெரியாது. பார்க்கிறானோ என்ற பயத்திலேயே கைதி அடங்கிக் கிடப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் என்ற இங்கிலாந்து அறிஞர் சொன்ன யோசனை இது. ஆள் குறைவு, செலவு குறைவு, பயம் மட்டும் அதிகம்.

சுமார் 130 ஆண்டுகள் இந்தக் கோபுரம் தன் வேலையைச் செய்தது. ஊர் வளர்ந்தது. ஊருக்கு வெளியே இருந்த சிறை, ஊரின் நட்ட நடுவே வந்துவிட்டது. 2000-ம் ஆண்டு வாக்கில் கைதிகள் நகரின் தென்கிழக்கே உள்ள பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பெயர் தமிழர்களுக்குப் புதிது அல்ல. 2014-ல் முதல்-அமைச்சராக இருந்த ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு மூன்று வாரம் இருந்த சிறை அது.

காலியான சிறையை என்ன செய்வது? சுமார் 21 ஏக்கர் நிலம். நகரின் நடுவே இருக்கும் இடத்துக்கு என்ன விலை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆனாலும் விற்கவில்லை, முழுவதுமாக இடிக்கவும் இல்லை. கட்டடக் கலைஞர்களிடையே போட்டி வைத்து, பெங்களூரைச் சேர்ந்த மாத்யூ அண்டு கோஷ் நிறுவனத்தின் திட்டத்தைத் தேர்ந்து எடுத்தார்கள். காவல் கோபுரம், கொட்டடி, மதில் ஆகியவற்றின் பகுதிகள் விட்டு வைக்கப்பட்டன. கைதிகள் எப்படி இருந்தார்கள் என்று காட்ட ஆளுயரச் சிலைகள் வைக்கப்பட்டன. 2008 நவம்பரில் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

இப்போது காலையில் பெரியவர்கள் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். பகலில் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். குழந்தைகள் கம்பிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வந்த இடத்தில் கைது

இந்தச் சிறையின் வரலாற்றில் மறக்க முடியாத அத்தியாயம் 1975-ல் எழுதப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 25 நள்ளிரவில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கட்சித் தாவல் தடை மசோதா பற்றிய பாராளுமன்றக் குழுக் கூட்டத்துக்காக எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலர் அப்போது பெங்களூர் வந்திருந்தனர். வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் அவர்களில் அடங்குவர். மறுநாள் ஜூன் 26-ந் தேதி அவர்கள் கைது செய்யப்பட்டு இந்தச் சிறைக்குக் கொண்டு வரப்பட்டனர். சட்டம் செய்ய வந்தவர்கள் சட்டத்தின் பெயராலேயே உள்ளே போனார்கள்!

அத்வானி 19 மாதம் சிறையில் இருந்தார். அதில் பெரும்பகுதி இங்கேதான். அப்போது எழுதிய குறிப்புகள் பிறகு புத்தகமாக வந்தன. இவர்களில் ஒருவர் பின்னாளில் பிரதமர் ஆனார். மற்றொருவர் துணைப் பிரதமர் ஆனார். தண்டவதே ரயில்வே மந்திரி ஆனார்.

விடுதலைப் போராட்ட வீரர் எச்.எஸ்.துரைசாமியின் கதை இன்னும் விசேஷமானது. 1942 போராட்டத்தில் கைதாகி 14 மாதம் பெங்களூர் சிறையில் இருந்தவர் அவர். 33 ஆண்டு கழித்து, சுதந்திர இந்தியாவில், பிரதமருக்குக் கண்டனக் கடிதம் எழுதியதற்காக மீண்டும் சிறைக்குப் போனார். நூறு வயதைக் கடந்த பிறகும் போராட்டப் பந்தல்களுக்கு வந்து உட்கார்ந்த அவர், 2021-ல் 103-வது வயதில் காலமானார்.

ஒரு நடிகையின் டைரி

தலைவர்கள் வெளியே வந்தார்கள், பதவி பெற்றார்கள். ஆனால் அப்படி வராத ஒருவரும் உண்டு. அவர் பெயர் சினேகலதா ரெட்டி.

சென்னையின் பெயர் பெற்ற ஆங்கில நாடகக் குழுவான "மெட்ராஸ் பிளேயர்ஸ்" அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். கணவர் பட்டாபிராம ரெட்டி எடுத்த "சம்ஸ்காரா" என்ற கன்னடப் படத்தில் சந்திரி என்ற வேடத்தில் நடித்தவர். 1970-ல் தேசிய அளவில் சிறந்த படம் என்ற விருது பெற்ற படம் அது. ஜார்ஜ் பெர்னாண்டசின் நண்பர் என்பதால் 1976 மே மாதம் கைது செய்யப்பட்டார். பரோடா வெடிமருந்து வழக்கில் சம்பந்தம் உண்டு என்றார்கள். கடைசியில் தாக்கல் ஆன குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் விடவில்லை. "மிசா" சட்டம் இருந்தது. விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், அடைத்து வைக்கலாம்.

அவருக்கு ஆஸ்துமா நோய். நல்ல காற்று இல்லாத அறையில் எட்டு மாதம். இரவின் அமைதியில் அவருடைய அலறலைக் கேட்டதாக மது தண்டவதே பின்னாளில் எழுதி இருக்கிறார். அந்த நிலையிலும் சினேகலதா டைரி எழுதினார். தன் வேதனையை மட்டும் எழுதவில்லை. பக்கத்துக் கொட்டடியில் இருந்த ஏழைப் பெண் கைதிகள் பட்ட அடி உதைகளையும், அவர்கள் சாப்பாட்டின் தரத்தையும் எழுதினார். அவர்களுக்காக அதிகாரிகளோடு வாதாடினார்.

1977 ஜனவரி 15-ந் தேதி பரோலில் விடுதலை. ஐந்தே நாளில், ஜனவரி 20-ந் தேதி உயிர் பிரிந்தது. அதே ஆண்டில் டைரி புத்தகமாக வெளிவந்தது.

எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொன்னது இல்லை. கோபுரத்தையும் கம்பியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. சுவர் பேசாது, காகிதம்தான் பேசும்.

காகிதத்தைக் காத்த தமிழர்

காகிதமும் சில சமயம் காணாமல் போகும். நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்த நீதிபதி ஷா கமிஷன் 1978-ல் மூன்று பாகங்களாக அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதும் மிசாவில் சுமார் 35 ஆயிரம் பேர், பாதுகாப்புச் சட்ட விதிகளின் கீழ் சுமார் 75 ஆயிரம் பேர் சிறை வைக்கப்பட்டதை அது பதிவு செய்தது. 1980-ல் ஆட்சி மாறியது. அதன் பிறகு அந்த அறிக்கையின் பிரதிகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

தம்மிடம் இருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து 2010-ல் மீண்டும் அச்சில் கொண்டு வந்தவர் ஒரு தமிழர். முன்னாள் எம்.பி. இரா.செழியன்தான் அவர். ஒரு மனிதர் தம் வீட்டு அலமாரியைச் சுத்தமாக வைத்திருந்ததால் ஒரு நாட்டின் வரலாறு தப்பியது என்றால் மிகை ஆகாது.

சென்னையில் நடந்தது வேறு

பெங்களூர் தன் சிறையைக் காப்பாற்றியது. சென்னை என்ன செய்தது?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த சென்னை மத்திய சிறை 1837-ல் கட்டப்பட்டது. பெங்களூர் சிறையைவிட மூத்தது. நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ், அறிஞர் அண்ணா எனப் பலர் இருந்த இடம். நெருக்கடி நிலைக் காலத்தில் மு.க.ஸ்டாலின் உள்ளிட்ட தி.மு.க.வினர் அடைக்கப்பட்டதும் அங்கேதான். அங்கு தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

2006-ல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-ல் இடிப்பதற்கு முன்பு பொதுமக்கள் பார்க்க அனுமதித்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அதன் பிறகு சிறை தரைமட்டம் ஆனது. மருத்துவக் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டது. நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் காரியம்தான். குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் சிட்டிபாபு அடிபட்ட கொட்டடி எது என்று இனி எந்தப் பேரனுக்கும் காட்ட முடியாது.

சென்னை வேறு ஒன்றைச் செய்தது. எழும்பூரில் 2013 வரை போலீஸ் கமிஷனர் அலுவலகமாக இருந்த பழைய சிவப்புக் கட்டடத்தை அருங்காட்சியகமாக மாற்றி 2021 செப்டம்பர் 28-ந் தேதி திறந்தார்கள். முன்பு மிசா கைதியாக இருந்த ஸ்டாலினே முதல்-அமைச்சராக வந்து திறந்து வைத்தார். பழைய ஆயுதங்கள், சீருடைகள், வயர்லெஸ் கருவிகள், பிடிபட்ட கள்ள நோட்டுகள் எல்லாம் அங்கே உள்ளன.

அதே எழும்பூரில், ரயில் நிலையத்துக்கு அருகே, தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. 1909-ல் எழுந்த கட்டடம். பழைய சென்னை ராஜதானியின் கோப்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டு உள்ளன. அருங்காட்சியகத்தில் இருப்பது போலீசின் பக்கம். காப்பகத்துக் கோப்புகளைப் பொறுமையாகப் படித்தால் மறுபக்கமும் தெரியும்.

ஓர் உதாரணம் போதும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்தது. திருடியவனைப் பிடிப்பது அல்ல அந்தச் சட்டம். பிறந்த சாதியைப் பார்த்தே திருடன் என்று எழுதி வைப்பது. கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் போலீஸ் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். கொடுக்க மாட்டோம் என்று மறுத்தது உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்படப் பலர் மாண்டனர். சர்க்கார் காகிதத்தில் அவர்கள் கலகக்காரர்கள். ஊரில் அவர்கள் தியாகிகள். 1952-ல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. குற்றத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கிற எவரும், அந்தக் கோப்பை எழுதிய கை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் பாக்கி இருப்பது

பிரீடம் பார்க் வெறும் காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை. 2022 முதல் பெங்களூரில் ஆர்ப்பாட்டம், தர்ணா எதுவானாலும் இங்கேதான் நடத்த வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயிகள், தொழிலாளர்கள் என்று தினம் ஒரு பந்தல். சாலை மறியல் இல்லாததால் பொதுமக்களுக்கு நிம்மதி என்கிறார்கள் சிலர். மதிலுக்கு உள்ளே போடுகிற கோஷம் விதான சவுதா வரை கேட்குமா என்று கேட்கிறார்கள் வேறு சிலர். பழைய சிறைச் சுவருக்குள் சுதந்திரத்துக்கு இடம் ஒதுக்கி இருப்பதை நினைத்தால் இரண்டாவது கேள்வியில் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

கட்டடத்தைக் காப்பாற்றியது பாதி வேலை. அதில் இருந்தவர்களின் கதையைக் காப்பாற்றுவது மீதி வேலை. நெருக்கடி நிலை முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அப்போது இருபது வயதில் உள்ளே போனவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்களில் தொழிற்சங்கத் தமிழர்களும் இருக்கலாம். சிறையில் இருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், தணிக்கை முத்திரை விழுந்த கார்டுகள், விடுதலை உத்தரவுகள் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் தூங்குகின்றனவோ தெரியாது. பழைய பேப்பர்க்காரருக்கு எடை போடும் முன்பு ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கர்நாடக அரசின் ஆவணக் காப்பகம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிரீடம் பார்க் போகிறவர்கள், கம்பிக்குப் பின்னால் போட்டோ எடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் நின்று, சினேகலதாவின் கதையைச் சொல்லலாம். அந்த ஊர்ப் பெயரும் இந்த ரயில் நிலையப் பெயரும் எப்படி வந்தன என்றும் சொல்லலாம். கோபுரத்தில் இப்போது காவலன் இல்லை. கதை சொல்லப் பயப்பட வேண்டியது இல்லை.