அனல் தீவில் ஒரு கணப்பு!

"புதையல் தீவு" கதையை எழுதியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். குளிர் நாடான ஸ்காட்லாந்தில் பிறந்தவர்.

சிறு வயது முதலே அவருக்கு மார்பு நோய். குளிர் ஆகாது. "வெப்ப நாட்டில் வாழ்ந்தால் பிழைக்கலாம்" என்று மனைவியுடன் பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குப் போனார். 1890-ல் அங்கேயே குடியேறினார். காட்டைத் திருத்தி, மரத்தால் பெரிய வீடு கட்டினார்.

அந்த வீட்டில் ஒரு வேடிக்கை! குளிர் காயக் கணப்பும் வைத்தார். வியர்வை கொட்டும் ஊரில் கணப்பு எதற்கு? பிறந்த மண்ணின் நினைவை யாரால் விட முடியும்?

தீவு மக்கள் அவரை "துசிதாலா" என்று அழைத்தார்கள். "கதை எழுதுபவர்" என்று பொருள்.

அங்கே நடந்த போரில் தோற்ற தலைவர்கள் சிறையில் வாடினார்கள். ஸ்டீவன்சன் அவர்களுக்கு உணவு கொண்டு போய்க் கொடுத்தார். 1894-ல் விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூலி வாங்காமல் அவர் வீட்டுக்குச் சாலை போட்டுக் கொடுத்தார்கள்!

அதே ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி ஸ்டீவன்சன் காலமானார். வயது 44 தான்.

அவர் விரும்பியபடி வாயா மலை உச்சியில் அடக்கம் செய்ய வேண்டும். ஆனால் உச்சிக்குப் பாதை இல்லை. தீவு மக்கள் காட்டை வெட்டிப் பாதை அமைத்தார்கள்; தோளில் சுமந்து சென்றார்கள்.

அவர் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம். மரமும் ஆணியும் வீட்டைக் கட்டின. அவரை அந்த ஊர்க்காரர் ஆக்கியது, சிறைக்குச் சென்ற அந்தச் சோறு!