டிராக்டர் பாட்டரியும் கோடைகாலப் பராமரிப்பும்

1895-ஆம் வருஷம் பெரியாறு அணை திறக்கப்பட்டது முதல், மதுரை, மேலூர்ப் பகுதிகளில் உழவு வேலை கால்வாய்த் தண்ணீரின் வரவையே பெரிதும் எதிர்நோக்கி நிற்கிறது. தண்ணீர் வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தொடங்குவதால், அவ்வாரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் நாற்று முற்றி, நடவு பிந்துகிறது. இயந்திரம் கிளம்பாமைக்குப் பல வேளைகளில் காரணமாவது, கோடை முழுவதும் கொட்டகையில் கவனிப்பாரற்றுக் கிடந்த பாட்டரியே. கடைசி நேர அவசரத்தில் மூடிய அறையில் அதற்கு மின்சாரம் ஏற்ற முற்படுவதோ கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

கெடுவதன் காரணம்

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் காரீயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகுந்தோறும் திராவகம் நீர்த்து, தகடுகளின்மேல் வெண்மையான ஈய உப்புப் படிகிறது. காலந்தாழ்த்தாமல் மின்சாரம் ஏற்றினால் அது நீங்கிவிடும். பல வாரங்கள் விட்டுவைத்தால் கெட்டிப்பட்டுத் தகட்டைப் பாழாக்கும். வண்டி ஓடாவிட்டாலும் பாட்டரியின் சக்தி தானாகவே குறைந்துகொண்டிருக்கும். உஷ்ணம் 10 டிகிரி செண்டிகிரேட் உயர்ந்தால் இக்குறைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே, சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ்க் கிடக்கும் பாட்டரிக்குக் கேடு அதிகம்.

மின்சாரம் ஏற்றும் முறை

மாதம் ஒருமுறை வோல்ட் மீட்டரால் சோதிப்பது நலம். சில மணி நேரம் ஓய்விலிருந்த பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாயிருக்கிறது எனக் கொள்ளலாம், 12.4-க்குக் குறைந்தால் ஏற்ற வேண்டும். கழித்தல் குறியுள்ள முனையை முதலில் கழற்றி, திரும்ப மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. இதனால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்காது.

காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, கூட்டல் முனையைக் கூட்டலுடனும் கழித்தலைக் கழித்தலுடனும் சார்ஜரில் இணைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். 80 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 8 ஆம்பியர், அதாவது பத்திலொரு பங்கு, போதுமானது. பாட்டரி மிகவும் சூடேறினால் நிறுத்திவிடுக. நிறைவை நெருங்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் இது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே நெருப்புப் பட்டதும் வெடிக்கும். ஆதலால் பீடி, தீக்குச்சி, விளக்கு ஆகியவை அருகில் கூடாது. சுவிட்சை அணைத்த பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும்.

நீரும் சுத்தமும்

மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் வாலையில் வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளை அரிக்கும். ஏற்றுமுன் தகடு மூழ்குமளவும், ஏற்றிய பின் குறியளவும் நீர் இருந்தால் போதும். திராவகம் சேர்த்தல் கூடாது. முனைகளில் பூத்த படிவை ஆப்பச் சோடா கரைத்த நீரால், அறைகளுக்குள் புகாதபடி துடைத்து, உலர்ந்தபின் வாஸலைன் தடவுக. திராவகம் மேலே பட்டால் ஏராளமான தண்ணீரால் உடனே கழுவ வேண்டும்; கண்ணில் பட்டாலோ கால் மணி நேரம் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்க.

பழைய பாட்டரி

காரீயம் விஷம், குழந்தைகளுக்கு மிகவும் கேடு செய்வது. பழைய பாட்டரியை முற்றத்தில் உடைப்பதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் கூடாது. 2022-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகளின் நோக்கப்படி, அதனை முறையாகத் திரும்பப் பெறுவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நன்று.

கோடையில் மாதம் ஒருநாள் இக்காரியத்திற்கு ஒதுக்கும் விவசாயி, கால்வாயில் தண்ணீர் வந்த அன்றே தம் வயலில் உழவு தொடங்கலாம்.