முதல் மழையின் மணம் மண்ணுடையது அல்ல, தெரியுமா?

கோடை மழையின் முதல் தூறலில் குப்பென்று கிளம்புமே ஒரு வாசனை, அது மண்ணுடையது அல்ல! மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா அதைத் தயாரிக்கிறது. பொருளின் பெயர் ஜியோஸ்மின். லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பீட்ரூட்டில் வீசும் மண் மணமும் இதே ஜியோஸ்மின்தான்!

கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் எதற்காக இப்படி மணக்க வேண்டும்? தன்னைத் தின்ன வரச்சொல்லி! ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் சிற்றுயிர் இந்த மணத்தை மோப்பம் பிடித்து வருகிறது, பாக்டீரியாவை மேய்கிறது. பாக்டீரியாவின் வித்துகளோ அதன் உடம்பில் ஒட்டியும் எச்சத்தில் கலந்தும் ஊர் ஊராய்ப் போகின்றன. 2020-இல்தான் இந்த ரகசியம் வெளியானது. நடக்கக் காலில்லாத உயிர் வாசனையை விட்டே வண்டி பிடித்திருக்கிறது!

இப்போது செடிக்கு மேலே வாருங்கள். பயற்றிலும் தக்காளியிலும் சாறு உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். முதுகு அப்படியே கேடயம். தொட்டுவிட்டால் போச்சு, கையைக் கழுவினாலும் நாற்றம் லேசில் போகாது! பாக்டீரியா வா வா என்று மணக்க, இது கிட்டே வராதே என்று நாறுகிறது. குஞ்சாக இருக்கும்போது நாற்றச் சுரப்பி வயிற்றுப் பகுதியின் முதுகுப்புறத்தில் இருக்கும். இறக்கை முளைத்து முதுகை மூடியதும் அந்த வேலை மார்பின் அடிப்பக்கச் சுரப்பிக்குப் போய்விடும். என்ன ஏற்பாடு பாருங்கள்!

அந்த நாற்றத்தில் இருக்கும் டெசினால் என்ற பொருள் வேறெங்கே இருக்கிறது தெரியுமா? நம் ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லித் தழையில்! கோரியாண்டர் என்ற பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. எதிரியை விரட்டும் அந்த நாற்றமே ஓர் எதிரியை அழைத்தும் வருகிறது! ட்ரிஸ்ஸோல்கஸ் என்ற மிகச் சிறிய குளவி டெசினால் வாடையைத் தொடர்ந்து வந்து, நாவாய்ப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். முட்டையைத் திறந்துகொண்டு வெளியே வருவது பூச்சிக் குஞ்சு அல்ல, குளவி! இந்தப் பூச்சியை அடக்க 1930-களில் ஆஸ்திரேலியா எகிப்திலிருந்து வரவழைத்ததும் இதே குளவியைத்தான்.